எந்தச் சூடு பெரிய சூடு?

பிள்ளைகளே, முதலில் ஒரு புதிர். ஒரு வீட்டில் மூன்று பேருக்குச் சூடு பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாப்பாவின் விரல் தோசைக்கல் விளிம்பில் பட்டுச் சிவந்துவிட்டது. அவள் அழுகிற அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்களே ஓடிவந்துவிட்டார்கள். அண்ணன் ரசக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். முன்கையில் நீர் கோத்துக் கொப்புளம் எழும்பியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறான். தாத்தாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை நோய். கால் சில்லிட்டுக் கிடக்கிறதே என்று வெந்நீர்ப் பையைப் பாதத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். காலையில் பார்த்தால் பாதத்தில் ஓரிடம் வெள்ளை வெளேரென்று தடித்துக் கிடக்கிறது. அழுத்திப் பார்க்கிறார், வலிக்கவில்லை. "ஒண்ணும் இல்லடா, விடு" என்கிறார்.

மூன்று பேரில் யாரை முதலில் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்?

தாத்தாவைத்தான். அழுகைச் சத்தத்தை வைத்துத் தீக்காயத்தை அளந்தால் கணக்கு தலைகீழாகப் போய்விடும். ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ள, தோலுக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

நம் தோலின் மேல் அடுக்குக்கு மேல்தோல் என்று பெயர். கண் இமையில் அது 0.05 மில்லிமீட்டர்தான் இருக்கும். உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். இந்த அடுக்கில் ரத்தக் குழாயே கிடையாது. பழைய செல்கள் உதிர உதிரப் புதியவை அடியிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். சுமார் ஒரு மாதத்தில் மேல்தோல் முழுக்கப் புதிதாகிவிடும். அதற்குக் கீழே இருப்பது அடித்தோல். ரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், முடியின் வேர்கள் எல்லாம் குடியிருப்பது அங்கேதான். அதற்கும் கீழே கொழுப்பு, பிறகு தசை, எலும்பு. சூடு இதில் எந்த மாடி வரை இறங்கியது என்பதுதான் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி.

மேல்தோலோடு நின்றுவிட்டால் அது முதல் நிலைக் காயம். சிவக்கும், எரியும், கொப்புளம் வராது. நாள் முழுக்க வெயிலில் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தால் கழுத்து எரிகிறதே, அதுவும் இந்த வகைதான். சில நாளில் தோல் உரிந்து சரியாகிவிடும், தழும்பு தங்காது. பாப்பாவின் விரல் இந்தக் கணக்கில் சேரும்.

அடித்தோலுக்குள்ளும் சூடு இறங்கினால் இரண்டாம் நிலை. அங்கே இருக்கிற ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். கசிந்த நீர் மேல்தோலைத் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் கொப்புளம். நரம்பு முனைகள் உயிரோடு இருக்கின்றன, ஆனால் அவற்றின் மேல் இருந்த மூடி போய்விட்டது. அதனால்தான் காற்றுப் பட்டாலே அண்ணன் துடிக்கிறான். அந்தச் சிவந்த இடத்தை லேசாக அழுத்தினால் வெளுக்கும், விரலை எடுத்ததும் மறுபடி சிவக்கும். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், நல்ல செய்தி. (இதைச் செய்து பார்க்க வேண்டியவர் டாக்டர். நீங்கள் அண்ணன் கையில் சோதனை நடத்தக் கிளம்பிவிடாதீர்கள்.)

அடித்தோல் முழுவதும் வெந்துபோனால் மூன்றாம் நிலை. தோல் வெளுத்தோ, பழுப்பாகவோ, கருகியோ, விறைத்துப் போயிருக்கும். அழுத்தினால் நிறம் மாறாது. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு முனைகளே எரிந்துவிட்டதால் நடு இடம் வலிக்காது. சுற்றியுள்ள ஓரங்கள்தான் வலிக்கும். தாத்தாவுக்கு இரண்டு சங்கடம் சேர்ந்துகொண்டன. சர்க்கரை நோய் ஏற்கெனவே பாதத்து நரம்புகளை மந்தமாக்கியிருந்தது. அதனால் சுடும்போதும் தெரியவில்லை, சுட்ட பிறகும் தெரியவில்லை.

வெந்நீர்ப் பை அப்படி ஒன்றும் கொதிக்கவில்லையே, அது எப்படி இவ்வளவு ஆழமாகச் சுட்டது? கேட்க வேண்டிய கேள்வி. 1940களில் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் இதைத்தான் அளந்து பார்த்தார்கள். பன்றியின் தோல் மனிதத் தோலைப் போன்றது என்பதால் அதிலும், தாமாக முன்வந்த சில மனிதர்களின் தோலிலும் சோதனை செய்து 1947இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 44 டிகிரி செல்சியஸ் சூடு தோலைப் புண்ணாக்கச் சுமார் 6 மணி நேரம் ஆகும். அதிலிருந்து முதல் சில டிகிரிகளுக்கு, ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் தேவைப்படும் நேரம் ஏறக்குறைய பாதியாகிக்கொண்டே வரும். 60 டிகிரியில் 5 விநாடி போதும். 70 டிகிரியில் ஒரு விநாடிகூட வேண்டாம். அதாவது சூடும் நேரமும் கூட்டாளிகள். தாத்தாவின் பை கொதிக்கவில்லைதான். ஆனால் இரவு முழுக்க அங்கேயே இருந்தது.

உங்களை மாதிரிச் சின்னவர்களுக்குத் தோல் இன்னும் மெல்லியது. அப்பா கையில் ஊற்றிப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொன்ன தண்ணீர் தம்பிப் பாப்பாவின் முதுகுக்கு அதிகமாக இருக்கலாம். மத்தியான வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல் 50 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே நாம் குதித்துக் குதித்து ஓடுவது சும்மா இல்லை. ஒவ்வொரு காலும் கல்லில் இருக்கும் நேரத்தைக் குறைக்கிறோம்.

இப்போது ஒரு விநோதம். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்புக் கொளுத்துகிறோம். அதிலிருந்து தெறிக்கும் பொறிகளின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். 60 டிகிரித் தண்ணீர் 5 விநாடியில் சுடும் என்றால் இந்தப் பொறி கையில் பட்டதும் ஓட்டை போட வேண்டாமா? பெரும்பாலும் சுருக்கென்று ஒரு குத்தலோடு போய்விடுகிறது. காரணம், பொறி என்பது கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு துகள். அதன் வெப்பநிலை எகிறிக் கிடக்கிறது, ஆனால் தோலுக்குக் கொடுக்க அதனிடம் சரக்கு இல்லை; பட்ட உடனே ஆறிவிடுகிறது. எரிந்து முடிந்த கம்பி அப்படி இல்லை. சிவப்பு மறைந்து கறுப்பாகத் தெரியும், ஆனால் உள்ளே சூடு நிறைய இருக்கும். தீபாவளியன்று வெறுங்காலால் கம்பியை மிதித்துப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. வாளித் தண்ணீரை வாசலில் வைத்துக்கொண்டு, எரிந்த கம்பியை அதில் போடச் சொல்வது அதனால்தான். தீமிதித் திருவிழாவிலும் பாதி விளக்கம் இதுவே. கரித்தணலின் சூடு பல நூறு டிகிரி, ஆனால் கரி வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். பாதமும் ஒவ்வோர் அடியிலும் அரை விநாடிதான் தங்குகிறது. நின்றாலோ விழுந்தாலோ விஞ்ஞானம் காப்பாற்றாது. அப்படி விழுந்து வெந்தவர்களும் இருக்கிறார்கள்.

பொறிக்கு நேர் எதிர், நீராவி. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது மணிக்கட்டில் அடிக்கிறதே, அது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி, அதன் ஆவியும் 100 டிகிரி. ஆனால் ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு உடம்பின் சூட்டுக்கு இறங்கும்போது சுமார் 260 ஜூல் வெப்பத்தைக் கொடுக்கும். ஒரு கிராம் ஆவியோ தோலில் பட்டுத் தண்ணீராக மாறுவதிலேயே சுமார் 2,260 ஜூலைக் கொட்டிவிடும். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் தன் பங்குக்கு வேறு சுடும்! மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்கிற அம்மாக்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை, அனுபவத்தில் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

எண்ணெய் இன்னொரு ரகம். வடை பொரிகிற எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும், தண்ணீர் எட்டவே முடியாத சூடு. போதாததற்குத் தோலில் ஒட்டிக்கொண்டு வழியும், சீக்கிரம் விலகாது. சுடுநெய்யும் சுடுஎண்ணெயும் பட்ட புண் மற்றதைவிட அதிகம் வலிக்கும் என்று சுஸ்ருத சம்ஹிதையிலேயே எழுதியிருக்கிறது. எண்ணெய் நுண்ணிய நாளங்கள் வழியே உள்ளே ஊடுருவுவதால் அப்படி என்று காரணம் சொல்கிறது அந்த நூல். காரணம் இன்று ஒப்புக்கொள்ள முடியாதது, ஆனால் கவனித்தது சரி. அதே நூல் தீக்காயத்தை நான்கு வகையாகப் பிரிக்கிறது: நிறம் மாறியது, கொப்புளம் கண்டது என்று தொடங்கி, சதையும் எலும்பும் பாதிக்கப்பட்டது வரை. தீக்காயத்தை மூன்று நிலைகளாகப் பிரித்து 1607இல் ஃபாப்ரி என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். ஆழம் பார் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

ஆழம் ஒன்றே போதுமா? போதாது. எவ்வளவு பரப்பு என்பதும் வேண்டும். இதற்கு உங்களிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது. விரல்களைச் சேர்த்துவைத்த உங்கள் உள்ளங்கை, உங்கள் உடம்புத் தோலில் சுமார் 1 சதவீதம். உங்கள் கை உங்களுக்கு, தாத்தா கை தாத்தாவுக்கு. பெரிய காயங்களுக்கு 1951இல் வாலஸ் என்பவர் பிரபலமாக்கிய ஒன்பதாம் வாய்ப்பாடு உண்டு. பெரியவர்களுக்குத் தலை 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, நடு உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18. கூட்டிப் பாருங்கள், 99 வரும். மிச்சம் 1 பிறப்புறுப்புப் பகுதிக்கு. ஆனால் இந்த வாய்ப்பாடு கைக்குழந்தைக்குப் பொருந்தாது. குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, கிட்டத்தட்ட 18 சதவீதம், கால்கள் சின்னவை. வயதுக்கு ஏற்ற அட்டவணையை லண்ட், பிரவுடர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1944இல் வெளியிட்டார்கள். இன்றும் ஆஸ்பத்திரிகளில் அந்த அட்டவணையோடு வரும் உடல் படத்தில் வண்ணம் தீட்டிக் கணக்கிடுகிறார்கள்.

பரப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? 1921இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஒரு தியேட்டர் தீப்பிடித்தது. காயம்பட்டவர்களைக் கவனித்த அண்டர்ஹில் என்ற விஞ்ஞானி, கொப்புளத்து நீரை எடுத்துச் சோதித்தார். அது வெறும் தண்ணீர் இல்லை; ரத்தத்தில் அணுக்களை எல்லாம் நீக்கினால் மிஞ்சுகிற பிளாஸ்மாவோடு நெருங்கிய ஒன்று. அதுவரை, எரிந்த தோலிலிருந்து ஏதோ விஷம் உடம்பில் ஏறித்தான் ஆட்கள் இறக்கிறார்கள் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் ரத்தத்தின் நீர்ப்பகுதி காயத்தின் வழியே வடிந்துபோகிறது. பரப்பு அதிகமானால் இதயம் இறைக்க ரத்தம் போதாமல் போகும்.

எவ்வளவு ஈடுகட்டுவது? 1960களில் டாலஸ் நகரத்தின் பார்க்லண்ட் மருத்துவமனையில் பாக்ஸ்டர் என்ற மருத்துவர் ஒரு சூத்திரம் வகுத்தார். உடல் எடை கிலோவில், அதைக் காயத்தின் சதவீதத்தால் பெருக்கி, மறுபடி 4ஆல் பெருக்க வேண்டும். 20 கிலோ எடையுள்ள ஒரு பையனுக்கு 20 சதவீதக் காயம் என்றால் 1,600 மில்லிலிட்டர். முதல் 24 மணி நேரத்தில் டிரிப்ஸ் வழியாக அவ்வளவு ஏற்ற வேண்டும். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததிலிருந்து இல்லை, சூடு பட்ட நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. வழியில் மந்திரிக்கவும் மருந்து பூசவும் நின்ற நேரமெல்லாம் அந்தக் கணக்கில் கழிந்துவிடும். (குழந்தைகளுக்கு அன்றாடத் தேவைக்கான நீரையும் இதோடு சேர்த்துக் கொடுப்பார்கள்.)

ஆழம், பரப்பு தவிர இடமும் கணக்கில் உண்டு. அதே அளவு காயம் முதுகில் பட்டால் ஒன்று, முகத்திலோ, விரல்களிலோ, முழங்கை மடிப்பிலோ பட்டால் வேறு. மூட்டில் புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, கையை நீட்ட முடியாமல் இழுத்துப் பிடித்துவிடும். மூடிய அறைக்குள் புகையில் சிக்கியவருக்கு வெளியே ஒரு காயமும் தெரியாமல் மூச்சுக் குழாய் வீங்கலாம். மின்சாரம் கையில் புள்ளி அளவு கருகல் மட்டும் விட்டுவிட்டு உள்ளே தசையை வேகவைத்திருக்கும், இதயத் துடிப்பையும் குழப்பியிருக்கும். நெருப்பே இல்லாத தீக்காயமும் உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலை அரித்துக் கறுப்பாக்கிவிடும். சுண்ணாம்பு இன்னும் மோசம். அமிலம் பட்ட இடம் உறைந்து ஒரு தடுப்பு மாதிரி நின்றுவிடும். சுண்ணாம்பு போன்ற காரப்பொருள்கள் தோலைக் கரைத்துக்கொண்டு ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். கண்ணில் பட்டால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, கொப்புளத்தோடு நிற்கிற அண்ணனை என்ன செய்வது? குழாயைத் திற. காயத்தை ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டு. இவ்வளவுதான். ஆனால் இதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு, இரண்டு நிமிடத்தில் பொறுமை போய்விடும். அடுப்பை விட்டு விலகியதும் சூடு நின்றுவிடுவதில்லை. தோலுக்குள் இறங்கிய வெப்பம் உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். 1953இல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் தீக்காயத்தை மூன்று வளையமாகப் பிரித்துக் காட்டினார். நடுவில் இருப்பது செத்துப்போனது, மீட்க முடியாது. வெளி வளையம் சிவந்திருக்கும், தானே தேறிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் இருக்கிறது. ரத்தம் தட்டுத் தடுமாறி ஓடிக்கொண்டிருக்கிற அந்த இடம் அடுத்த இரண்டு மூன்று நாளில் பிழைக்கவும் செய்யும், சாகவும் செய்யும். குழாய்த் தண்ணீர் காப்பாற்றப் பார்ப்பது அதைத்தான். கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, 3 மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு.

ஐஸ் வேண்டாம். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி அந்த நடு வளையத்தைப் பட்டினி போட்டுவிடும். பற்பசை, பேனா மை, தோசை மாவு, மஞ்சள், வெண்ணெய் எதுவும் வேண்டாம். பாட்டி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. அவை சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும், கிருமியைக் கொண்டுவரும். காயம் சிவப்பா வெளுப்பா என்று டாக்டர் பார்க்க முடியாமல் மறைத்துவிடும். அப்புறம் அதைச் சுரண்டி எடுக்கும்போது படுகிற பாடு தனி. மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு கிளம்பலாம். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது: நில், படு, உருள். பெரிய காயம் என்றால் ஒருவர் 108க்கு போன் செய்ய, இன்னொருவர் தண்ணீரைக் கவனிக்கட்டும். குழந்தைக்குக் காயத்தை மட்டும் குளிரவைத்து, மற்ற உடம்பைப் போர்த்திவைக்க வேண்டும்.

அண்ணன் கை பிழைத்துக்கொள்ளும். எப்படி என்று கேட்டால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மேல்தோல் முழுக்க உரிந்துபோன இடத்தில் புதுத் தோல் ஓரத்திலிருந்து மட்டும் வளர்வதில்லை. அடித்தோலில் புதைந்திருக்கும் முடி வேர்களையும் வியர்வைக் குழாய்களையும் சுற்றி மேல்தோல் செல்கள் இருக்கின்றன. அவை அங்கிருந்து ஏறிவந்து, பரவி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து மூடிவிடும். ஆழமில்லாத கொப்புளம் இரண்டு மூன்று வாரத்தில் ஆறுவது அப்படித்தான். மூன்றாம் நிலையில் அந்த வேர்களே இல்லை. காயம் சிறியதாக இல்லாவிட்டால், உடம்பின் வேறு இடத்திலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுப்போட வேண்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு போன்ற இடங்களில் இது அன்றாட வேலை.

எடுக்கவே தோல் மிச்சமில்லை என்றால்? 1983இல் அமெரிக்காவில் இரண்டு சிறுவர்கள், அண்ணன் தம்பி, உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்து பாஸ்டன் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் அக்குளில் தப்பியிருந்த தோலிலிருந்து மிகச் சிறிய துண்டை எடுத்து, ஹோவர்டு கிரீன் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் குடுவைகளில் வளர்த்தார்கள். மூன்று நான்கு வாரத்தில் அது ஆயிரக்கணக்கான மடங்கு பெருகி மெல்லிய தாள்களாகியது. அவற்றை ஒட்டி இருவரையும் பிழைக்கவைத்தார்கள். தன் செல்லிலிருந்தே வளர்ந்தது என்பதால் உடம்பு அதை அந்நியம் என்று தள்ளவில்லை.

ஆனால் ஒட்டுப்போட்ட தோலிலும் வளர்த்தெடுத்த தோலிலும் முடி முளைப்பதில்லை, வியர்வைச் சுரப்பிகளும் திரும்புவதில்லை. பெரிய தீக்காயத்திலிருந்து தேறியவர்களுக்கு வெயில் காலத்தில் உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். தழும்பு தடிக்காமல் இருக்க அவர்கள் மாதக்கணக்கில், குளிக்கும் நேரம் தவிர, இறுக்கமான உடை வேறு போட்டிருப்பார்கள். உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்து, விளையாட்டுப் பீரியடில் பாதியில் நிழலுக்குப் போய் உட்கார்ந்தால் தண்ணீர் பாட்டிலை நீட்டுங்கள். இரண்டாவது பாதியில் அவர் மறுபடி ஆட வரலாம்.